மனிதர் என உறுதிசெய்ய இயலவில்லை

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நெல்லையப்பன் ஒன்பது தாள்களைத் தள்ளினார். ஜெசிந்தா முதல் தாளைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மூன்றாவதற்குப் பிறகு பெயர்களை மட்டும் பார்த்தாள். பெயருக்குக் கீழே எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருந்தது. 'விண்ணப்பதாரரை மனிதர் என உறுதிசெய்ய இயலவில்லை.'

அவளுக்குப் பின்னால் சுவரோரப் பெஞ்சில் ஒன்பது பிள்ளைகளும் சீருடையில் நெருக்கி உட்கார்ந்து ஒரு பொட்டலம் காராச்சேவைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயது நிறைந்தவர்களுக்கான மனிதச் சான்று வாங்க வெள்ளக்கரை அரசுப் பள்ளியிலிருந்து இந்த மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்தில் வந்தவர்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் வீட்டில் சொல்லி வந்திருந்தார்கள்.

"சார், பிள்ளைங்க அங்கதான் இருக்காங்க. ஒரு தடவை எட்டிப் பாருங்க."

"காலையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர். அந்த ரெட்டைச்சடைப் பிள்ளை எனக்கே தண்ணி மோந்து கொண்டாந்து குடுத்துச்சு." நெல்லையப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா என் கண்ணுக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம் கிடையாதே."

"அப்ப என்னதான் பாக்குது உங்க மெஷின்?"

"யோசிக்கிறது யாருன்னு பாக்குது. முகத்தைச் செய்யலாம், ரேகையைச் செய்யலாம், குரலைச் செய்யலாம். காதுக்குள்ள ஒண்ணை மாட்டிக்கிட்டு உடம்பு மட்டும் வந்து உக்காரும், பதில் எல்லாம் மெஷின் சொல்லும். அப்படி ஆயிரக்கணக்குல நடந்த பிறகுதான் இந்தச் சான்று வந்துச்சு. இருபது நிமிஷம் டைப் பண்ண விடுவோம். விரல் எங்க நிக்குது, எந்த வார்த்தையில தயங்குது, தப்பை எப்படித் திருத்துது, ஒரு கணக்கை எங்க இருந்து பிடிக்குது, எல்லாத்தையும் எடுத்துக்கிடும். மனுஷன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி தடுமாறுவான் டீச்சர்."

"எங்க பிள்ளைங்க தடுமாறலையா?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு கோடு ஏறி இறங்கிப் போனது. "இது ஒரு கோடு இல்ல. ஒன்பது கோடு. ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கு. ஒன்பது பேரும் ஒரே கை." திரையைத் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார். "யாரு சொல்லிக்குடுத்தது இவங்களுக்கு?"

"பயில்மணி," என்றாள் ஜெசிந்தா.

இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது என்றும், ஜூன் மாதத்துக்குள் இரண்டையும் முடிக்க வேண்டும் என்றும் நெல்லையப்பன் சொன்னார். மூன்றாவதும் தவறினால் ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதுவரை அரசாங்கத்தின் எல்லாக் கணினியிலும் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'தானியங்கி' என்று இருக்கும். தானியங்கி பொதுத்தேர்வு எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் பெயர் பதிய முடியாது. ஒரு வேலைக்கு மனுப்போட முடியாது.

*

வெள்ளக்கரையில் மூன்று பக்கமும் உப்பளம், ஒரு பக்கம் கடல். பெற்றவர்கள் எல்லாருமே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். ஊர்ப் பள்ளியில் கணினி ஆசிரியர் இடம் பதினோரு வருஷம் காலியாகக் கிடந்தது. கணக்கு டீச்சரான ஜெசிந்தா அட்டையில் விசைப்பலகை வரைந்து, அதில் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்து வைத்துப் பழக்கினாள். அட்டை வியர்வையில் ஊறிப் பிய்ந்துபோகும். மறுபடி வரைவாள். இரண்டு வருஷம் மனு எழுதினாள், அலைந்தாள். கடைசியில் ஆள் வரவில்லை, பயில்மணி வந்தது.

பிள்ளைக்கு ஒரு பலகைக் கணினி, ஒரு விசைப்பலகை, காதில் மாட்ட ஒரு குமிழ். அதற்குள் ஓர் இளம்பெண்ணின் குரல். இந்த ஊர்ப் பேச்சிலேயே பேசும். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது, அடிக்காது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாது. அப்போது நாலாம் வகுப்பில் இருந்த இந்த ஒன்பது பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே அதை மணியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரே வருஷத்தில் பத்து விரலாலும் தமிழும் ஆங்கிலமும் அடித்தார்கள். ஆறாம் வகுப்பில், மழை எப்போது வரும், பாத்தியில் உப்பை எப்போது வாரிவிட வேண்டும் என்று சொல்லும் செயலி ஒன்றை எழுதினார்கள். அம்மாமார்கள் அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மாவட்டப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து வெள்ளக்கரைதான் முதலிடம். கணினிக்கென்று வந்த மணியக்காவிடம் மற்ற பாடங்களும் போய்ச் சேர்ந்தன. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். ஜெசிந்தா வருகைப் பதிவேடு எடுப்பாள், மின்கலங்களுக்கு மின்சாரம் ஏற்றுவாள், மேசையோரம் உட்கார்ந்து அந்தக் குனிந்த தலைகளைப் பார்ப்பாள். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

பிள்ளைகள் எல்லாருமே எந்தக் கேள்விக்கும், "முதல்ல இதைப் பிரிச்சுப் பாப்போம்," என்று தொடங்குவதை அவள் கவனித்திருந்தாள். அதைத் தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

*

மறுநாளே பத்தாம் வகுப்பின் குமிழ்களை வாங்கிப் பெட்டியில் போட்டாள். எல்லா வகுப்புக்கும் நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியர் கோயில்பிச்சையிடம் கேட்டாள்.

"பத்தாங்கிளாஸை மட்டும் நிப்பாட்டுங்க டீச்சர். மத்த பிள்ளைகளுக்கு நான் எங்க போய் ஆளைத் தேடுவேன்? நாலு பேரு பாக்குற வேலையை அது ஒண்ணு பாக்குது."

ஜெசிந்தா பத்தாம் வகுப்புக்குத் திரும்பிப் போனாள்.

இருபத்திரண்டு நாள் அவளே சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தது பாடம் இல்லை, பிழை. "தப்பா அடிங்க. தோணுனதை எழுதுங்க. யோசிக்காதீங்க."

ரெட்டைச்சடை மாரிச்செல்வி கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. "எத்தனை தப்பு டீச்சர்?"

"எத்தனை வேணாலும்."

"எந்தெந்த இடத்துல?"

"அதெல்லாம் கணக்கில்ல செல்வி. கை போற போக்குல."

தாள்களைத் திருத்தும்போது ஜெசிந்தா பிழைகளை எண்ணினாள். ஒன்பது பேரும் பதினோரு சொல்லுக்கு ஒரு பிழை விட்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. மனிதர்கள் சராசரியாக எவ்வளவு பிழை விடுவார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, ஒரே விடைக்கு வந்திருந்தார்கள்.

வகுப்பறையே வேண்டாமென்று உப்பு அம்பாரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லச் சொன்னாள். ஒன்பது பேரும் முதலில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொன்னார்கள், பிறகு காரணத்தைச் சொன்னார்கள், பிறகு அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று சொன்னார்கள். சத்தம்போட்டுத் திட்டினாள். திட்டும்போது அவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கே தவறு என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளத் தயாராக.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு மாரிச்செல்வி மட்டும் நின்றாள். "டீச்சர், குமிழைக் கழட்டி ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா நான் எதை நினைச்சாலும் உள்ள மணியக்கா குரல்லதான் கேக்கு. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இல்ல. இருந்துச்சா டீச்சர்? நாலாங்கிளாஸுக்கு முன்னால நான் எப்படிப் பேசுவேன்?"

ஜெசிந்தாவுக்கு அது நினைவில் இல்லை. "வாயாடி நீ," என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தாள். பிள்ளை அதை நம்பிப் போனது.

இரண்டாவது வாய்ப்பிலும் ஒன்பது தாள்கள் அதே வரியோடு வந்தன.

அடுத்த நாள் மாரிச்செல்வியின் அம்மா சந்தனமாரி பாத்தியிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தாள். கணுக்கால் வரை உப்பு வெளுத்துக் காய்ந்திருந்தது. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வாசல்படியிலேயே நின்றுகொண்டாள்.

"டீச்சர், சீட்டுல என்னமோ எழுதியிருக்காம்லா. எம்பிள்ளை மனுஷி இல்லைன்னு."

"அப்படி இல்லம்மா. உறுதி பண்ண முடியலைன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர். நான் பெத்தேன் அவளை. ரெண்டு நாள் வலி. ஏழு தையல். பெரியாஸ்பத்திரி சீட்டு இன்னும் டிரங்குப்பெட்டில கிடக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டுனா ஒத்துக்கிடுவாங்களா?"

"அது வேற, இது வேறம்மா."

"வேற எதைக் காட்டணும்னு சொல்லுங்க. என்ன வேணாலும் கொண்டாரேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒங்களை நம்பித்தான் டீச்சர் விட்டேன். கூட வேலை பாக்குறவ, பிள்ளையைப் பாத்திக்குக் கூட்டிட்டு வான்னா. டீச்சர் பாத்துக்கிடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் போன பிறகு ஜெசிந்தா ஆசிரியர் அறைக் கணினியைத் திறந்தாள். பயில்மணியைச் செய்த நிறுவனத்திடம் ஏதாவது வழி இருக்குமா என்று கேட்பதற்காக, பழைய கடிதங்களில் அவர்களின் முகவரியைத் தேடினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் கிடைத்தது. படிக்கத் தொடங்கியதுமே அப்போதே படித்த கடிதம் இது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தும் பிள்ளைகளிடம் எழுத்தும் யோசனையும் ஒரே வார்ப்பாக ஆகிவருவதாகத் தெரிகிறது. நேரத்தைக் குறைக்கவும். பக்கத்தில் ஒரு மனித ஆசிரியர் கட்டாயம் சேர்ந்து கற்பிக்கவும். பெற்றோருக்குத் தெரிவிக்கவும். கீழே, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவள் அனுப்பிய ஒரு சொல் பதில்.

அது வந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் மாவட்டப் போட்டிக்கு நாலு நாள் இருந்தது. பிள்ளைகள் அவ்வளவு அழகாகச் செய்துகொண்டிருந்தார்கள். போட்டி முடியட்டும் என்று நினைத்தாள். போட்டி முடிந்தது, கோப்பை வந்தது, தலைமையாசிரியர் போட்ட மாலையோடு ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை அவள் திறக்கவே இல்லை.

இப்போதும் மூடினாள். நிறுவனத்தின் முகவரியில் யாரும் இல்லை. அது மூடிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

*

மூன்றாவது வாய்ப்புக்கு நெல்லையப்பனே சோதனை வண்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவரால் முடிந்த உதவி அதுதான். இரண்டு நாள், பிள்ளைக்கு ஒரு நேரம் குறித்திருந்தது. வேப்பமரத்தடியில் நின்ற அந்த வேனுக்குள் ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு விசைப்பலகை. ஒரு ஓரத்தில் அவர் உட்கார ஸ்டூல்.

முதல் பிள்ளை பிரிஸ்கா. அவள் வேன் படியில் கால் வைக்கப் போகும்போது அவளுடைய சித்தப்பா மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். உப்பு லாரி வளைவில் சாய்ந்துவிட்டது, மேலே இருந்தவர்களில் பிரிஸ்காவின் அப்பாவும் ஒருவர், மூட்டைக்கு அடியிலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பிள்ளை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

"சார், இவளை நாளைக்கு வச்சுக்கிடலாமா?"

நெல்லையப்பன் தலையை அசைத்தார். "நேரம் தொடங்கிருச்சு டீச்சர். உக்காரலைன்னா தவறுனதாத்தான் எழுதும்."

பிரிஸ்காவை இரண்டு பேருமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். அழுதுகொண்டே அடித்தாள். பாதியில் நிறுத்தினாள். ஒரு வரியை முழுதாக அழித்தாள். கணக்கைக் கடைசியிலிருந்து ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு, கேட்காத எதையோ எழுதினாள். இருபது நிமிஷம் முடிந்து கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது. 'மனிதர் என உறுதிசெய்யப்பட்டது.'

அரை மணி நேரத்தில் தகவலும் வந்தது. அப்பாவுக்குக் காலெலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை.

நெல்லையப்பன் கோட்டைக் காட்டினார். அது எங்கெங்கோ அலைந்து, நின்று, குதித்துப் போயிருந்தது. "இது பிரிஸ்கா. வேற யாரும் இல்ல. பயத்துல படிச்சதெல்லாம் விலகிருது போல டீச்சர். அடியில கிடக்கிறது மேல வருது." சொல்லிவிட்டு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாட்டுக்கு ஏதோ சொல்லுதேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க."

எட்டுப் பேர் மிச்சம் இருந்தார்கள்.

அடுத்த பிள்ளைக்கு இருந்த கால்மணி நேரத்தில் ஜெசிந்தா கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்றாள். எட்டுப் பேரில் யாருக்கு யார் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பதிவேடு எடுத்ததில், யார் வராத நாளில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் அறிந்துவைத்திருந்தாள். மணியக்காவுக்குத் தெரியாமல் அவளுக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான்.

சுடலைமுத்துவை வேன் வாசலில் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா பாத்தியில மயங்கி விழுந்துட்டாங்களாம்டா. மூச்சு சரியா இல்லையாம். ஆம்புலன்ஸ் போயிருக்கு. நீ இதை முடிச்சுட்டு ஓடு."

அவனுடைய அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. பையனின் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போவதை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே போனான். தேறினான்.

பின்பக்க வாசலில் வைத்து உண்மையைச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. "அப்ப அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். திரும்பவும் கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். பிறகு செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் ஓடினான். அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

தேறிய பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகவே வீட்டுக்கு அனுப்பினாள், காத்திருக்கிறவர்களைப் பார்த்துவிடக் கூடாது என்று. ஒரு பிள்ளைக்குத் தம்பி கிணற்றில் விழுந்தான். ஒருத்திக்கு வீடு பற்றி எரிந்தது. நாலாவது பொய்யைச் சொல்லும்போது ஜெசிந்தாவின் குரல் தானாகவே சரியான இடத்தில் உடைந்தது. அதை அவளே கேட்டாள். அந்தப் பிள்ளை உள்ளே போன பிறகு வேப்பமரத்தில் கையை ஊன்றி வாந்தியெடுத்தாள்.

நெல்லையப்பனுக்குப் புரிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சோதனையை நிறுத்தவில்லை.

முதல் நாள் முடிவில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு ஜோஸ்வின் வந்தான். அப்பா அம்மா இல்லாத பையன், மாமாதான் வளர்க்கிறார். மாமா கடலுக்குப் போன படகு கவிழ்ந்துவிட்டது என்றாள். ஜோஸ்வின் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. திறந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "எழுதிட்டு வரேன் டீச்சர்," என்று உள்ளே போய், இருபது நிமிஷம் ஒரே சீராக அடித்தான். அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடா பண்ணுன?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பத்து எண்ணுனேன் டீச்சர். பதட்டம் வந்தா முதல்ல மூச்சை இழுத்துப் பத்து எண்ணணும். மணியக்கா சொல்லியிருக்கா." அப்போதுதான் அவன் குரல் நடுங்கத் தொடங்கியது. "மாமா கிடைச்சுட்டாங்களா டீச்சர்?"

ஐந்து வருஷம். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாமாவுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னாள். தாளில் என்ன வந்திருக்கிறது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை.

கடைசியாக மாரிச்செல்வி. தலை பின்னி, ரிப்பன் கட்டி, சீருடையில் நேரத்துக்கு வந்தாள். வேனுக்கு எதிரே நின்று ஜெசிந்தாவை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு யாரு சாகப்போறாங்க டீச்சர்?"

அவள் தோளைப் பிடிக்க நீட்டிய கையை ஜெசிந்தா இறக்கிக்கொண்டாள்.

"சுடலை நேத்தே வீட்டுக்கு வந்து சொல்லிட்டான். நான் நம்பாம இருக்கத்தான் செய்வேன். நம்பணும்னுதான் வந்தேன், முடியல. நீங்க என்ன சொன்னாலும் உள்ள இருந்து, இது சோதனைக்காகச் சொல்லுதாங்கன்னு மணியக்கா சொல்லிருவா." பிள்ளையின் கண்ணில் பயம் இல்லை. அவள் ஒரு கணக்கை முடித்து விடையைச் சொல்வதுபோலப் பேசினாள். "அப்ப நான் தேற மாட்டேன். பரவாயில்ல டீச்சர். நீங்க எங்களுக்காக எவ்வளவோ பாத்தீங்க. உங்களை ஒருநாளும் தப்பாச் சொல்ல மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

நெல்லையப்பன் வேனுக்குள்ளிருந்து, இன்னும் மூன்று நிமிஷம் என்று விரல் காட்டினார்.

"செல்வி," என்றாள் ஜெசிந்தா. "எனக்குத் தெரியும்."

"என்னது டீச்சர்?"

"இப்படி ஆகும்னு. நீ ஆறாங்கிளாஸ் படிக்கும்போதே எழுதியிருந்தாங்க. பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி ஆகுது, நேரத்தைக் குறைங்க, கூட இருந்து நீங்களும் சொல்லிக்குடுங்க, வீட்டுக்குத் தெரிவிங்கன்னு. படிச்சேன். பதில்கூடப் போட்டேன். போட்டி வந்துச்சு. நீங்க ஜெயிக்கணும்னு..." அவள் நிறுத்தினாள். "நான் ஜெயிக்கணும்னு இருந்தேன். மூடி வச்சுட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

இது உண்மை என்பதால் சொன்னாளா, கையில் வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பதால் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாரிச்செல்வி அசையாமல் நின்றாள். "இது சோதனைக்கா?"

"இல்ல."

"சோதனைக்குத்தான்னு சொல்லுங்க டீச்சர்."

"இல்லடா."

"நாலு வருஷமா?"

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"எந்தங்கச்சி இப்பவும் நாலாங்கிளாஸ்ல மணியக்காகிட்டதான படிக்கா." பிள்ளையின் குரல் எங்கோ உடைந்து, ஜெசிந்தா இதுவரை கேட்டிராத ஒரு கட்டைக் குரலாக வெளியே வந்தது. "இன்னைக்குக் காலையில நாந்தான் அவளுக்குக் குமிழை மாட்டிவிட்டேன். நீங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவள் வேனுக்குள் ஏறினாள். ஏறும்போது முட்டி படியில் இடித்தது, கவனிக்கவில்லை. ஜெசிந்தா கதவுக்கு வெளியே நின்றாள். விசைகளின் சத்தம் படபடவென்று வந்தது, நின்றது, ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அடித்து எதையோ அழிக்கிற சத்தம். மறுபடி படபடப்பு. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"உறுதி ஆயிருச்சு டீச்சர்," என்றார் நெல்லையப்பன் கதவைத் திறந்து. அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

மாரிச்செல்வி இறங்கவில்லை. நாற்காலியிலேயே இருந்தாள். "சார், எனக்குச் சான்று நம்பர் வந்துட்டுல்லா. இனிமே நான் மனு குடுத்தா அதை எடுத்துக்கிடுவாங்களா?"

"எடுத்துக்கிடணும்."

"இதுலயே குடுக்கலாமா?"

நெல்லையப்பன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா வேன் படியைப் பிடித்துக்கொண்டு, "குடுக்கலாம்," என்றாள். "மேல வலது பக்கம் புகார்னு இருக்கும். அதை அழுத்து."

அரசாங்கப் புகார்ப் பக்கம் திறந்தது. மாரிச்செல்வி தன் பெயரை அடித்தாள். யாருக்காக என்ற இடத்தில் ஜோஸ்வினின் பெயரையும், தங்கையின் பெயரையும், அதற்குக் கீழே பள்ளியின் எல்லா வகுப்புகளையும் சேர்த்தாள். யார்மீது என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றாள். 'ஜெ' என்று அடித்தாள், அழித்தாள். திரும்ப அடித்தாள். எழுத்து மாறி விழுந்தது, அழித்தாள். தட்டச்சில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த விரல்கள் ஒரு பெயரை எழுத முடியாமல் விசைகளின்மேல் தடுமாறிக்கொண்டிருந்தன. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்க இனிஷியல் என்ன டீச்சர்?"

"எம்," என்றாள் ஜெசிந்தா.

அதையும் அடித்தாள்.

"அந்த லெட்டர் வந்த தேதி?"

ஜெசிந்தா தேதியைச் சொன்னாள். பிள்ளை தவறாக அடித்த மாதத்தை, மெதுவாக, திருத்திச் சொன்னாள்.